ஆவுடையப்பனுக்காகப் பேசிய கணினி

காலை ஆறரை மணிக்குச் செண்பகவடிவு காபிக் குவளையில் உறிஞ்சுகுழலைப் பொருத்தி, கணவரின் உதட்டருகே நீட்டினார். ஆவுடையப்பன் ஒரு மிடறு உறிஞ்சிவிட்டுத் தொண்டைக்குள் ஏதோ முனகினார். அவருடைய கழுத்துப்பட்டையிலிருந்த உணரி அதைப் பற்றிக்கொள்ள, மேசையிலிருந்த பழைய கணினி கனிவோடு கூறியது: "மிக்க நன்றி."

அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். நன்றி சொன்ன பிறகு வெட்கப்படுகிறார் என்றே செண்பகவடிவு பதினோரு ஆண்டுகளாக எண்ணி வந்தார்.

கிரேன் இயக்கி ஓய்வுபெற்றவர் ஆவுடையப்பன். மாடிப்படியில் வழுக்கி விழுந்ததில் கைகால்களும் குரலும் போயின. அன்றிலிருந்து அவருக்காகப் பேசுவது இந்தக் குரல்பெயர்ப்பிக் கணினிதான். மூன்று முறை மின்கலம் மாற்றியாயிற்று. ஒருநாளேனும் அது சலித்துக்கொண்டதில்லை என்பதைப் பாராட்டாமல் இருக்க இயலாது.

ஆயினும் பத்தாண்டு கடந்த கணினிகள் பொதுவலையில் நீடிக்கலாகாது என்பது அக்காலத்துச் சட்டம். விலக்கு வேண்டுவோர் 'ஒப்பீட்டு மணிநேரத்துக்கு' இசைய வேண்டும். பழையதும் புதியதும் ஒரே மேசையில் ஒரு மணிநேரம் இயங்கும். பின்னர் வீட்டார் ஒன்றில் கைரேகை வைப்பார்கள். மற்றது அங்கேயே அழிக்கப்படும். பழகிய நினைவைப் புதியதற்கு மாற்ற அனுமதியில்லை.

அன்று அந்தக் காபி தீரும் முன்பே வலைத்துறை அலுவலர் பிரிஸ்கில்லா புதிய கணினியுடன் வந்தார்.

"ஒரு மணி நேரந்தான் அக்கா. புடிக்கலன்னா புதுச இங்கனயே அழிச்சிருதேன்."

"புடிக்காதும்மா. இது எங்க வீட்டு ஆளு மாதிரி."

புதியது உள்ளங்கை அளவே இருந்தது. தசைகளில் ஓடும் மின்னலைகளை நேரடியாகப் படிக்கும் திறமை அதற்கு உண்டாம். பிரிஸ்கில்லா அதன் உணரியை அவர் கழுத்தில் ஒட்டி, அதை இயக்கினார். ஆவுடையப்பன் முனகினார். கரகரத்த ஆண்குரல் ஒன்று கேட்டது:

"ஏளா, இது காப்பியா, கழனித்தண்ணியா?"

செண்பகவடிவு திடுக்கிட்டார். "ச்சீ! என்ன மிசினும்மா இது? விழுந்ததுக்கு அப்புறம் இவங்க எம்புட்டுத் தன்மையா மாறிட்டாங்க தெரியுமா?"

"நான் எங்க மாறுனேன்? அந்தப் பெட்டில்லா என்னைய வாத்தியாரா ஆக்கி வச்சிருக்கு!"

பிரிஸ்கில்லா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பழைய மாடல் அக்கா. பசி, வலி, தண்ணின்னு தேவைய மட்டுந்தான் அதுக்குப் பிரிக்கத் தெரியும். மிச்சத்துக்கெல்லாம் மரியாதையா ஒரு வாக்கியத்தப் போட்டுச் சமாளிச்சிரும்."

"அப்போ... நன்றின்னு சொன்னது?"

"அதுவும் அதோட வாக்கியந்தான்."

செண்பகவடிவின் முகம் வாடியது. குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைத்து அவர் ஓய்ந்த பொழுதெல்லாம் அந்த ஒரு சொல்தான் மறுநாளைக்குத் தெம்பு தந்தது. இயந்திரம் சொன்னதாகவே இருக்கட்டும். அது இல்லாத வீட்டில் இனி எப்படி இருப்பது?

"எனக்கு இதுவே போதும்மா," என்று பழைய கணினியை நோக்கி விரலை நீட்டினார்.

ஆவுடையப்பன் அவசரமாக முனகினார். இரண்டு கணினிகளும் ஒருசேரப் பேசின.

"மிக்க நன்றி," என்றது பழையது.

"ஏளா, நீ குடிச்சியா?" என்றது புதியது.

நீட்டிய விரல் அப்படியே நின்றது.

"தெனமும் இதத்தான் கேக்கேன்," என்று கரகரத்த குரல் தொடர்ந்தது. "அது நன்றிங்கும். நீயும் சிரிச்சிட்டு அடுப்படிக்குப் போயிருவ. இல்ல, இல்லன்னு தலைய ஆட்டி எனக்குக் கழுத்து வலிச்சதுதான் மிச்சம்."

செண்பகவடிவு பழைய கணினியைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த நல்ல சொற்களையெல்லாம் குறைவின்றித் தந்த அதன்மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தார். பிறகு புதியதன் மேல் விரலை வைத்து அழுத்தினார். பழையதன் விளக்கு அணைந்தது.

"இன்னும் குடிக்கலங்க," என்றார்.

"பின்ன என்னத்துக்கு நின்னுக்கிட்டிருக்க? ஆறிருமுல்லா. உக்காந்து குடி."

செண்பகவடிவு தமக்கும் ஒரு குவளை கொண்டுவந்து, கட்டிலோரத்தில் அவரருகே உட்கார்ந்தார்.