பதினாலு யூனிட்

"என் பொண்ணோட ஊசியில யாரோ கை வச்சிருக்காங்க மேடம். யாருன்னு கண்டுபிடிங்க. கண்டுபிடிக்காட்டியும் இன்னிக்கே இவளை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். படிப்பு வேணாம்."

ராசு உட்காரவில்லை. வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து அவர் மீன் ஏற்றிவந்த வேன் கீழே நின்றது. பக்கத்தில் நின்ற மகள் தர்ஷினி தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவள். அவளுடைய அறைத்தோழி தஹ்மீனா கதவோரம் நின்றாள். ராசு அவள் பக்கம் திரும்பவே இல்லை.

துப்பறிவாளர் மேகலா நாற்காலியைக் காட்டினார். "பாப்பா சொல்லட்டுங்க."

தர்ஷினிக்குச் சிறு வயதிலிருந்தே முதல் வகை நீரிழிவு. சாப்பாட்டுக்கு முன் எட்டு யூனிட் இன்சுலின் போட்டுக்கொள்வாள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் சர்க்கரை ஏறியது, இறங்கவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பதினாலு யூனிட்டுக்கு வந்தாள். நேற்று விடுதிக்குத் திரும்பி, அங்கே ஃப்ரிட்ஜில் இருந்த புது பாட்டிலைத் திறந்து அதே பதினாலு போட்டாள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. தஹ்மீனா சர்க்கரைத் தண்ணீர் குடிக்கவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

உதவியாளன் சதீஷ் எழுந்தே விட்டான். "யாரோ பாட்டிலை மாத்தியிருக்கணும் மேடம்! ரூம்ல கூட இருந்தது யாரு?"

"நான்தான்," என்றாள் தஹ்மீனா. "கொல்லப் பாத்துட்டு நானே ஆஸ்பத்திரிக்கும் தூக்கிட்டு ஓடுவேனா? லூசா சார் நீங்க?"

"பாட்டிலோட சீல் என் கையாலதான் பிரிச்சேன்," என்றாள் தர்ஷினி. "ஒரு தடவதான் போட்டேன்."

"சரி, வீட்ல சர்க்கரை ஏன் ஏறுச்சு?" என்றார் மேகலா.

"ஒளிச்சு ஒளிச்சு அல்வா தின்னுருப்பான்னு இவ அம்மா ஒரே சண்டை," என்றார் ராசு.

"நான் தின்னல."

மேகலா ராசுவிடம் கேட்டார். "வீட்ல மருந்தை எங்க வச்சீங்க?"

"ஃப்ரிட்ஜ் இல்லீங்க. வெக்கையில கெட்டுப்போகுமேன்னு ராத்திரி நம்ம ஐஸ் பெட்டியில வச்சுட்டு, விடிஞ்சதும் நானே எடுத்துக் குடுப்பேன். நம்ம பெட்டி மீனு தஞ்சாவூர் வந்தும் கல்லாட்டம் இருக்கும். தட்டினா டங்குன்னு கேக்கும்."

மேகலா நிமிர்ந்தார். "சதீஷ், சின்ன பாட்டில்ல தண்ணி பிடிச்சு, கீழ வேன்ல இருக்குற அண்ணனோட ஐஸ் பெட்டியில வச்சுட்டு வா. நாம அதுவரைக்கும் காபி சாப்பிடுவோம்."

காபி முடிந்து, வெறும் டம்ளர்களும் ஆறிய பிறகு சதீஷ் பாட்டிலைக் கொண்டுவந்து தலைகீழாகக் கவிழ்த்தான். உள்ளே எதுவும் அசையவில்லை.

"உருகுற ஐஸ் மட்டும் மீனைக் கல்லாக்காது," என்றார் மேகலா. "உப்பு போடுறீங்களா?"

"கல்லுப்பு. எங்க ஊர்ல உப்புக்கா பஞ்சம்?"

"உப்பு சேந்தா குளிர் பூஜ்யத்துக்குக் கீழ போயிடும், மருந்து உறையும். உருகினப்புறம் பாக்க அப்படியேதான் இருக்கும், ஆனா நம்பிப் போட முடியாது. லாரியில உறைஞ்சு கெட்டுப்போன மருந்துகளை இன்சூரன்ஸுக்காக விசாரிச்சப்ப எத்தனையோ பாத்திருக்கேன். கெட்ட மருந்துல எட்டு பத்தாம பதினாலு ஆச்சு. அதே பதினாலை நல்ல மருந்துல போட்டா?"

"சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும்," என்றாள் தர்ஷினி.

"ஒரு நா உறைஞ்சுதான் கெடந்துச்சு," என்றார் ராசு மெதுவாக. "உள்ளங்கையில வச்சு உருக்கிக் குடுத்தேன். அப்ப நான்தானா?"

"நானுந்தான்ப்பா. புது பாட்டில் திறந்தப்ப டாக்டரைக் கேட்டிருக்கணும்."

தர்ஷினி அங்கேயே டாக்டரை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, இரண்டு தவறுகளையும் மறைக்காமல் சொன்னாள். எட்டிலிருந்து தொடங்கச் சொன்னார் டாக்டர். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் சர்க்கரை பார்த்து தினமும் தனக்குச் சொல்ல வேண்டும். உறைந்த பாட்டிலைத் தூக்கிப்போட வேண்டும். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டாள்.

"அங்க உன்னை யாரு பாத்துக்குவா?" என்றார் ராசு.

"நான்தான்ப்பா. வீட்ல இருந்தாலும் ஊசி நான்தானே போட்டுக்கணும்? முடியாமப் போனா என்ன செய்யணும்னு தஹ்மீனாவுக்குத் தெரியும். நான் படிச்சு முடிப்பேன்."

ராசு வேன் சாவியைக் கையில் எடுத்தார். பிறகு கதவோரம் திரும்பினார்.

"நீயும் வேன்ல ஏறும்மா. ரெண்டு பேரையும் ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போறேன்."

"மீன் வாடை அடிக்குமே அங்கிள்."

"அடிக்கும். மூக்கைப் பொத்திக்க."