அசிசியார் இல்லாத மாடம்

எலிஜியோ சாமி வந்து கதவைத் தட்டியபோது அவருடைய அங்கி ஓரமெல்லாம் சேறு. மலைமேல் பாறையைக் குடைந்து கட்டிய பிரான்சிஸ்கன் மடத்தின் தலைவர் அவர்; லேசில் ஊருக்குள் இறங்கமாட்டார்.

"புனிதர் அசிசியார் சுரூபத்தக் காணோம், டாக்டரம்மா," என்றார் நீவெஸிடம். "எழுநூறு வருஷமா மாடத்துல நின்ன மரச்சுரூபம். நேத்து சாயங்கால மணி அடிச்சதும் ஜெபத்துக்குப் போய்ப் பாத்தா மாடம் காலி. கோயில் பூட்டு உடையல. சாவி அடுக்களை ஆணியிலதான் தொங்கும்."

"அடுக்களையில யாரு?"

"ஜெனோனே பிரதர். சமையலும் மணியும் அவர் பொறுப்பு. அவர விட்டா, படம் வரைய வந்து தங்கியிருக்கிற கொர்ராதோதான். மேலிடத்துக்குத் தெரிஞ்சா பிரதர வேற எங்கயாவது அனுப்பிருவாங்க. முப்பது வருஷமா இருக்காரு, பாவம்."

நீவெஸின் தம்பி துல்லியோ அதற்குள் மதுக்கடையைச் சாத்திவிட்டு வந்து நின்றான். திருடனைப் பிடிப்பதென்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

"சமையக்காரர்தான்க்கா. சாவி அவர் கைக்கெட்டுற தூரத்துல."

"மொதல்ல மலை ஏறுடா. தீர்ப்ப அப்புறம் சொல்லலாம்."

பாதி வழியில் மூவரும் ஊற்றடியில் தண்ணீர் குடித்தார்கள். போன வாரத்து மழைக்குப் பின் அது அருவியாக இரைந்தது. துல்லியோ இரண்டு தடவை கத்தியும் அக்காவுக்குக் கேட்கவில்லை. தோளைத் தட்டித்தான் குவளையை வாங்கினான். மேலே, மடத்து வாசலில், ஒரு கிழட்டுக் கஷ்கொட்டை மரம். அதன் பொந்து நிறைய, உதிர்ந்த காய்களின் பொடி முள் அடர்ந்த தோடுகள்.

ஜெனோனே பிரதர் அழுத கண்ணோடு பருப்பு சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஊத்தடியில நின்னத மணிக்கூண்டுலேர்ந்து பாத்தேன். உச்சி மணி அடிச்சேனே, கேக்கலையா?"

"இல்லையே," என்றான் துல்லியோ.

மேசையில் கொர்ராதோ ஊசியால் மணிக்கட்டை நோண்டிக்கொண்டிருந்தான். "ரோஜாச் செடி பதம் பாத்துருச்சு," என்று சிரித்தான்.

"கையக் காட்டுங்க, எடுத்து விடுறேன்." நீவெஸ் அவன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். "நேத்து சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊத்தடியில வரைஞ்சுக்கிட்டிருந்தேன். மணிச்சத்தம் கேட்டுத்தான் மேல வந்தேன்."

நீவெஸ் தோளருகே இருந்த கடைசிப் பொடி முள்ளையும் பிடுங்கி விளக்கருகே வைத்தாள்.

"துல்லியோ, வாசல் மரப்பொந்துல கைய விட்டுப் பாரு."

அவன் முனகியபடி திரும்பி வந்தான். கையில், படம் வரையும் துணி சுற்றிய அசிசியார்.

"ஊத்தடியில பக்கத்துல நிக்கிறவன் குரலே கேக்காது, மணி எப்படிக் கேக்கும்?" என்றாள் நீவெஸ். "பிரதர் மணிக்கூண்டுக்குப் போனதும் அடுக்களை காலி. சாவிய எடுத்திருக்கீங்க, காரியம் முடிஞ்சதும் ஆணியிலயே மாட்டிட்டீங்க. அப்புறம், ரோஜா முள்ளு இவ்வளவு பொடிசா இருக்காது, தோள் வரைக்கும் ஏறாது. இது கஷ்கொட்டைத் தோடு. அதுக்குள்ள தோள் வரைக்கும் கைய விட யாருக்கு என்ன அவசியம்?"

கொர்ராதோ தலை கவிழ்ந்தான்.

எலிஜியோ சாமி ஜெனோனேயின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் உங்க மேல சந்தேகப்பட்டேன், பிரதர்."

"நான் உங்க இடத்துல இருந்தா ரெண்டு நிமிஷம் பட்டிருப்பேன், சாமி. உக்காருங்க, சூப்பு ஆறுது."

ஐந்து கிண்ணம் வைத்தார். ஐந்தாவது கொர்ராதோவுக்கு.

"இவன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போகணுமே," என்றான் துல்லியோ.

"கூட்டிட்டுப் போங்க தம்பி. சாப்பிட்டுட்டுப் போங்க." ஜெனோனே கொர்ராதோவின் வீங்கிய கையைப் பார்த்தார். "பாவம், இவரால தூக்க முடியாது. பெட்டி படுக்கைய நீங்க எடுத்துக்கோங்க."

அப்படித்தான், வாழ்நாளில் முதன்முதலாக ஒரு திருடனைப் பிடித்த துல்லியோ, அவனுடைய பெட்டி படுக்கையைச் சுமந்துகொண்டு மலை இறங்கினான். அக்கா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள்.