கேமரா மேல் ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

"வணக்கம்ங்க, நான் உங்க போச்சம்பள்ளி கவி..."

குருபரப்பள்ளி பஸ் நிறுத்தத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் பிஸ்கட் டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கவிப்ரியா லைவில் பேசிக்கொண்டிருந்தாள். கம்பெனி இன்டர்வியூவுக்கு என்னென்ன சர்ட்டிபிகேட் வேண்டும், எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய எந்தச் செருப்பு தாங்கும்... தமிழில் ஒருமுறை, கன்னடத்தில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.

அவள் சேனலுக்கு மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதிலும் நாற்பது பேர் சொந்தக்காரர்கள். இருந்தாலும் விடுவதாக இல்லை. மாந்தோப்புக் கூலி சென்னப்பன் மகள் என்றே இருபத்து மூன்று வருஷம் அழைக்கப்பட்டவளுக்கு, தன் பெயரைச் சொன்னால் தன்னைத் தெரிய வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் ஷிப்ட் முடிந்த களைப்பிலும் பொட்டைச் சரிசெய்துகொண்டு பேசினாள்.

போனுக்குப் பின்னால் ஒருவன் வந்து நின்றான். நனைந்த சட்டை, கழுத்தில் வேறொரு கம்பெனியின் அடையாள அட்டை. திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

"ஏங்க, ஒரு நிமிஷம்... ஒண்ணு சொல்லுதேன்."

"லைவ் போயிட்டிருக்குதுங்க. கொஞ்சம் சும்மா இருங்க."

"அதத்தான் சொல்லுதேன். இருட்டுதான் லைவா போயிட்டிருக்கு."

கோபத்தோடு போனைத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். திரை முழுக்கக் கறுப்பு. கீழே வரிசையாக, 'அக்கா, உங்க ஊர்ல கரண்ட் போச்சா?' என்ற கேள்விகள்.

அவள் கம்பெனி கேட்டில் நுழையும்போது செக்யூரிட்டி எல்லார் போன் கேமராவிலும் ஒட்டிவிடும் சிவப்பு ஸ்டிக்கர்! உள்ளே யாரும் படம் எடுத்துவிடக் கூடாதாம். தினமும் பார்த்துப் பழகிய வட்டம், இன்று நேரெதிரே இருந்தும் அவள் கண்ணில் படவேயில்லை.

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "அப்பவே சொல்றதுக்கு என்னாங்க?" என்று சீறினாள். "செருப்பு பத்தி நல்லாச் சொன்னீங்க. கேட்டுக்கிட்டே நின்னுட்டேன்," என்றபடி தன் போனைக் காட்டினான். அதன் கேமரா மேலும் ஒரு ஸ்டிக்கர், பச்சை நிறத்தில். மழைத்துளி சொட்டும் இமைகளுக்குக் கீழே அந்தக் கண்கள்... சே, கோபமாக இருக்கும்போது இதையெல்லாம் ஏன் பார்க்கிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் கருப்பசாமி. கோவில்பட்டிக்காரன். பக்கத்துத் தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை, சூளகிரியில் வாடகை அறை.

அந்த இருட்டு வீடியோதான் ஓடியது. மழைச் சத்தமும், இரண்டு குரல்களின் சண்டையும் ஊரெல்லாம் சுற்றின. ஒரே வாரத்தில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றேதான்... அந்தச் 'சொல்லுதேன்' யார்?

வீடியோவில் சேர்ந்து பேச முடியுமா என்று அவள் கூச்சத்தோடு கேட்டாள், அவன் தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டான். அவள் முகம் தெரியும், அவன் குரல் மட்டும் கேட்கும். மூன்று வீடியோ முடிவதற்குள், பஸ் தாமதமாக வந்தால் தேவலை என்று இரண்டு பேருக்குமே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டிலிருந்தே லைவ் போட்டாள். பக்கத்தில் அப்பா, மாங்கூழ் எடுக்கும் பல்ப் பாக்டரியில் சீசன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். 'நீங்க ரெண்டு பேரும் ஜோடியா?' என்று யாரோ கேட்க, அவர் தலை நிமிர்ந்தது. கவி அவரைப் பார்த்தாள். "அட, அதெல்லாம் சும்மா வியூஸுக்குங்க..." என்று சிரித்துச் சமாளித்தாள்.

திங்கட்கிழமை அவன் நிறுத்தத்துக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை. மாலையில் ஒரே ஒரு மெசேஜ் வந்தது. 'வியூஸுக்கு வேற குரல் பாத்துக்கோங்க. நான் அதுக்கு நிக்கல.'

ஒன்பதாயிரம் பேர் 'அண்ணன் எங்கே' என்று நச்சரித்தார்கள். அவளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள், வாய்விட்டு இல்லை. பெயர் வேண்டும் என்று ஏங்கியவளுக்குப் பெயர் வந்துவிட்டது. அதைச் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளைக் காணோம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிரவு சாப்பிடும்போதே அப்பாவிடம் உடைத்துச் சொன்னாள். சென்னப்பன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்.

"அந்தத் தம்பிகிட்ட சொன்னியா?"

"இல்லப்பா."

"அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல சொல்ற? போய் அங்க சொல்லு. அப்பறமா இங்க கூட்டிக்கிட்டு வா, ஆளு எப்பிடின்னு நான் பாக்குறன்."

மறுநாள் வேலை முடிந்து திரும்புகையில், தன் கம்பெனி பஸ்ஸில் கடைசி வரை போகாமல் அவன் தொழிற்சாலை கேட் முன்னாலேயே இறங்கினாள். தூறல் ஆரம்பித்திருந்தது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்த கருப்பசாமி, அவளைக் கண்டதும் நின்றான். முகம் மட்டும் இறுகியே இருந்தது.

அவள் போனை எடுத்து லைவை அழுத்தினாள். சிவப்பு ஸ்டிக்கரைப் பிரிக்கவில்லை.

"வணக்கம்ங்க, கவி பேசுறன். இன்னைக்கும் இருட்டுதான், வேணும்னேதான். அன்னைக்கு வியூஸுக்குன்னு சொன்னன் இல்லைங்களா... அது பொய். அப்பா பக்கத்துல இருந்தாரு, பயந்துட்டன். ஒங்க எல்லாரு முன்னாடியும் சொன்ன பொய், அதனால ஒங்க முன்னாடியே திருத்திக்கிறன். மிச்சத்த அவருகிட்டதான் சொல்லணும். நீங்க போய்ட்டு வாங்க."

லைவை அணைத்தாள். ஒன்பதாயிரம் பேரும் போனார்கள். மழை மட்டும் இருந்தது.

மூன்று மொழியில் மூச்சுவிடாமல் பேசுகிறவளுக்கு இப்போது ஒரு மொழியிலும் வார்த்தை வரவில்லை. துப்பட்டா நுனியைத் திருகினாள். கடைசியில் தரையைப் பார்த்தே சொன்னாள்.

"சேனலுக்கு நீங்க வேணாம்ங்க. அத நானே பாத்துக்குவன்... எனக்குத்தான் நீங்க வேணும்."

அவன் போனை வாங்கி, திரை அணைந்திருக்கிறதா என்று உற்றுப் பார்த்தான்.

"நெசமாவே லைவ் இல்லியே?"

"இல்லீங்க."

இறுகியிருந்த முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு, கண்ணிலிருந்து தொடங்கி மெல்லப் பரவியது.

"அப்ப நானும் சொல்லுதேன்... அன்னைக்குச் செருப்பு பத்தி நீங்க சொன்ன ஒரு வார்த்தைகூட என் காதுல விழலைங்க. ஒங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."