முளைப்பயறு முடிச்சு

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செவ்வாயின் குமிழ்நகரில் மழைக்காலம் திறந்துவிடப்பட்டது. கூரைக்குழாய்கள் தூறின. இந்த ஆண்டு புதுத் தண்ணீர்: செவ்வாயின் பனிக்கட்டியை உருக்கி எடுத்தது.

பள்ளியில் வழக்கமான பருவ வேலை கொடுத்தார்கள். மழைநீரில் பயறு ஊறவைத்துத் துணியில் முடிந்து, மூன்று நாளில் முளைத்ததும் சுண்டல் செய்து கொண்டுவர வேண்டும்.

எட்டு வயதுப் பூம்பாவை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள். நான்காம் நாள் காலையில் விரல்நுனி நீளத்துக்கு முளை. வீடே அதிரக் குதித்தாள். வீட்டு ரோபோவான ஏவலன் கடுகு தாளித்தது. தேங்காய்ப்பூவைத் தூவியது அவள்.

வகுப்பில் நாற்பது டப்பாக்கள், நாற்பதிலும் ஒரே நீள முளை. ஆசிரியைக்குச் சந்தேகமே வரவில்லை. அவருக்கும் நேரத்தோடு வீடு போய்ச் சேரவேண்டுமே. எல்லோருக்கும் முதல் பரிசு என்று அறிக்கை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து குப்பைத்தொட்டியைத் திறந்த பூம்பாவை அப்படியே நின்றாள். உள்ளே அவளுடைய துணி முடிச்சு. பிரித்தால் ஊறிப்போய் நாறும் பயறு, ஒன்றுகூட முளைக்கவில்லை.

"யாரு மாத்துனது?"

ஏவலனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "அம்மா. நீ எழுவதற்கு முன். பூமியிலிருந்து வந்த முளைப்பயறுப் பொட்டலம்."

அம்மா சுடர்மதி சமாளித்தாள். "எல்லாப் பிள்ளைங்களும் கொண்டுவரும்போது நீ மட்டும் வெறுங்கையோட நின்னா எனக்குத்தானேடி அவமானம்?"

"முளைக்கலன்னு எழுதிக் குடுத்திருப்பேன்மா. நான் குதிச்சப்போ நீயும் சிரிச்சியே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அப்போது சுவர்த்திரையில் வேளாண் மன்றத்தின் அறிவிப்பு வந்தது. "புதுத் தண்ணீரில் விதை முளைக்குமா என்று சோதித்தோம். பெரியவர்கள் முடிவைத் திருத்திவிடுவார்கள் என்பதால் சோதனையைக் குழந்தைகளிடம் ஒப்படைத்தோம். நாற்பது வீட்டிலும் முளைத்துவிட்டது. ஆகவே கையிருப்பு விதை முழுவதையும் இன்று விதைத்தாயிற்று."

சுடர்மதி பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டினாள்.

"ஒங்க வீட்டுலயாவது நிஜமா முளைச்சுதா?"

பக்கத்து வீட்டுக்காரி வெளுத்த முகத்தோடு வாசலில் நின்றாள்.

"அதைக் கேக்கத்தான் நானும் ஒங்க வீட்டுக்குக் கிளம்புனேன்."