சந்தில் விழும் தண்ணீர்

மாடித் தண்ணீர் விழும் சத்தம் மாறியிருந்தது.

ஆக்சிலியா பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். மதியத்திலிருந்து மழை. மின்சாரம் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறையில் ஏற்ற வாங்கி வைத்த மெழுகுவர்த்திகளில் ஒன்றைச் சமையல் மேடையில் நட்டிருந்தாள். உருகும் மெழுகின் வாசனையும், சுவரில் ஊறிய ஈரச் சுண்ணாம்பின் வாசனையும், பையில் கட்டி வைத்திருந்த சாமந்தியின் கசந்த வாசனையும் சேர்ந்து, கல்லறைத் தோட்டமே அந்தச் சின்ன வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போலிருந்தது.

சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. மொட்டை மாடியின் மொத்தத் தண்ணீரும், கைப்பிடிச் சுவரிலிருந்து நீட்டிவிட்ட ஒரே குழாய் வழியாக அந்தச் சந்தில்தான் விழும். கல்யாணமாகி வந்ததிலிருந்து கேட்கும் சத்தம் அது. தூறலில் சொட்டி, பெருமழையில் சேற்றுக் குழியை அறைந்து, வேப்பிலை அடைத்தால் இருமி, மழை விட்ட பிறகும் வெகுநேரம் முனகிக்கொண்டிருக்கும். இப்போது கேட்டது அதில் எதுவுமில்லை. மழை குறையவில்லை. குழாய் அடைக்கவில்லை. ஆனால் தண்ணீர் சேற்றில் விழவில்லை. ஈரத்துணி போர்த்திய ஏதோ ஒன்றின் மேல், மெத்தென்று, கனமாக, குளிக்கும் ஆளின் முதுகில் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்ததைப் போல விழுந்துகொண்டிருந்தது.

“டீ ஆச்சா?” என்றான் பிரகாஷ்.

அவள் கணவன். பிளாஸ்டிக் நாற்காலியைப் பின்கதவுக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். வெளியிலிருந்து வந்தவன் தலையைத் துவட்டவில்லை. படுக்கையறை ஒழுகலுக்கு வைத்திருந்த பக்கெட்டில் கை கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். பிறகு கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டு, அவளுடைய போனையும் தன்னுடையதையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மாடிக்குப் போகும்போது கையில் கடப்பாரை இருந்தது. வரும்போது இல்லை.

“இப்பத்தாங்க பால் வெச்சேன்.”

“ம்.”

மற்றவர்கள் வீட்டு ஒழுகலை நிறுத்துவதுதான் அந்தோணி பிரகாஷின் தொழில். அதியமான்கோட்டையிலும் தர்மபுரியிலும் மாடி மாடியாக ஏறி, வெடிப்பைக் கொத்தி, வலை ஒட்டி, வெள்ளைப் பூச்சு அடிப்பான். எந்த மாடியிலும் முதலில் ரசமட்டம் வைத்து வாட்டம், அதாவது தளத்தின் சரிவு, பார்ப்பான். தண்ணீர் எங்கே போகணும் என்று தளம் போடுகிறவன்தான் முடிவு செய்கிறான் என்பான். சொந்த வீட்டுக்குத் தளம் போட்டபோது வாட்டத்தை மேற்கே கொடுத்தான். மேற்கே அண்ணன் பிலவேந்திரனின் சந்து. சந்துக்கு அப்பால் அண்ணன் வீடு. ஒவ்வொரு மழைக்கும் தம்பி வீட்டு மாடித் தண்ணீர் அண்ணன் வீட்டு அடிச்சுவரை அரித்தது. தெறிக்கிற சேறு தாங்காமல் அவர்கள் அந்தப் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தே விட்டார்கள்.

இன்று காலை பிலவேந்திரன் ஏணி வைத்து ஏறி, மாடியில் தண்ணீர் போகும் ஓட்டைக்குள் சிமெண்டு சாக்கைத் திணித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் மாடி குளமானது. படுக்கையறை ஒழுக ஆரம்பித்தது. பிலவேந்திரன் குடையைப் பிடித்துக்கொண்டு தெருவில் வந்து நின்றார்.

“என்னா மேஸ்திரி! ஊரு வூட்டு ஒழுகலெல்லாம் அடைக்கிற ஆளு, வூட்டுக்குள்ள பக்கெட்டு வெச்சிருக்கியாமே? நல்ல ஆளா பாத்து நம்பர் குடுக்கட்டா?”

தெரு சிரித்தது. பிரகாஷும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆக்சிலியா வாசலிலிருந்து உள்ளே போய்விட்டாள். அவளை அடிப்பதற்கு முன்பும் அவன் அப்படித்தான் சிரிப்பான்.

கடப்பாரையுடன் மேலே போனான். தலைக்கு மேல், தேங்கிய தண்ணீரில் அளையும் காலடி கேட்டது. பிறகு ஏணி சுவரில் முட்டும் சத்தம். இரண்டு பேருடைய காலடி. ஏதோ வார்த்தை. தளம் அதிர்ந்து, சுவரிலிருந்து பல்லி ஒன்று கீழே விழுந்தது. சந்தில் இன்னும் கனமாக ஏதோ விழுந்தது. அடைப்பு திறந்து, மாடிக் குளம் முழுவதும் குழாய் வழியாக இரைந்து கொட்டியது. படியில் ஒரு ஆள் மட்டும் இறங்கினான். இறங்கியவன் வீட்டுக்குள் வரவில்லை. சந்துப் பக்கம் போனான். நேரம் கழித்துத்தான் வந்தான்.

இவ்வளவையும் கேட்டவள் அதையெல்லாம் ஒன்றோடொன்று சேர்க்காமல் தள்ளித் தள்ளி வைத்திருந்தாள். தண்ணீர் சேர்த்துவிட்டது.

“ஆக்சிலியா!”

சந்துக்கு அப்பாலிருந்து ரோசம்மாளின் குரல். பிலவேந்திரனின் மனைவி. ஆண்கள் பேசிக்கொள்ளாத இந்த இரண்டு வருஷத்திலும் பெண்கள் இருவரும் சுவருக்குச் சுவர் கூப்பிட்டுப் பேசிக்கொள்வார்கள்.

“அடியே! உங்க மாமா அங்க வந்தாரா? கல்லறைக்குப் போவணும், நேரமாவுது. சாமியாரு கல்லறைங்கள மந்திரிச்சு செபம் சொல்லிட்டுக் கெளம்பிடப் போறாரு!”

பிரகாஷ் அவளைப் பார்த்தான். மெதுவாகத் தலையை ஆட்டினான்.

“வரலைக்கா!” என்றாள். குரல் நடுங்காமல் வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“எங்க போயி நிக்கிதோ அந்த மனுசன். வந்தா ஒடனே அனுப்பி வுடு!”

“செரிக்கா!”

பால் பொங்கி வழிந்தது. அவள் அடுப்பை அணைத்தாள். அடுப்பின் சீறல் நின்றதும் வெளியிலிருந்த சத்தம் இன்னும் தெளிவானது. நெடுஞ்சாலையில் லாரிகள். மழை. குழாய்.

சத்தம் இடம் மாறியிருந்தது.

இத்தனை நேரமும் தரையோடு தரையாகக் கேட்டது. இப்போது இன்னும் மேலேயிருந்து வந்தது. அவள் இடுப்பின் உயரத்திலிருந்து. விழும் தூரம் குறைந்தால் சத்தம் கூர்மையாகும். குடத்தைக் குழாய்க்கு அருகில் தூக்கிப் பிடித்தால் கேட்பதைப் போல. குழாய் அதே இடத்தில்தான் இருக்கிறது. அது கீழே வராது. அப்படியென்றால் கீழே இருந்தது மேலே வந்திருக்கிறது.

எழுந்து உட்கார்ந்திருக்கிறார்.

உயிர் இருக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடினால் ஆஸ்பத்திரி. ரோசம்மாளிடம் சொன்ன பொய் பாவமாகாமல் போய்விடும்.

“ஏங்க. மாமாவுக்கு உயிரு இருக்குதுங்க.”

“இல்ல.”

“எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. சத்தத்தக் கேளுங்களேன். ஆட்டோ கூப்புடலாம். வழுக்கி வுழுந்துட்டாருன்னு சொல்லிக்கலாம். நானே சொல்றேங்க.”

“வாய மூடு.”

“கதவ மட்டும் தொறங்க. உங்க கால்ல வுழறேன்.”

பிரகாஷ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஒழுகலுக்கு என்ன வேலை செய்தோம் என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்கும் அதே குரல்.

“கீழ வுழுந்தும் சிரிச்சிச்சு. கடப்பாரையக் கழுத்துக்குக் கீழ எறக்கினேன். முதுகுல பூந்து சேத்துல நட்டுக்கிச்சு. இழுத்துப் பாத்தேன். வரல. அப்புடியே வுட்டுட்டு வந்தேன்.” நிமிர்ந்தான். “எப்புடிடீ எந்திரிக்கும்?”

அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

சத்தம் மறுபடி ஏறியது.

இப்போது அவள் முகத்துக்கு நேராகக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு செங்கல் கனத்துக்கு அப்பால். தண்ணீர் ஒரு தலையில் விழுந்து, இரண்டு தோள்களிலும் பிரிந்து வழிந்தது. பிரிந்து வழிவது தனியாகக் கேட்டது. நிற்கிறார். அசையாமல் நிற்கிறார். சுவரைப் பார்த்து நிற்கிறார்.

பிரகாஷும் கேட்டான். அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் பயத்தை அன்றுதான் பார்த்தாள்.

பிறகு தண்ணீர் சேற்றில் விழுந்தது.

பழைய சத்தம். ஒவ்வொரு மழையிலும் கேட்ட சத்தம். குழிக்குள் அறையும் சத்தம்.

குழாய்க்குக் கீழே யாரும் இல்லை.

இரும்பு உரசியது. வெளிச்சுவரில். சமையலறையின் மூலையிலிருந்து மெதுவாக. சிமெண்டுப் பூச்சைக் கீறிக்கொண்டே வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பின்கதவைப் பார்த்து.

பிரகாஷ் துள்ளி எழுந்தான். வேலைச் சாமான் கிடந்த மூலையிலிருந்து சம்மட்டியை எடுத்தான். போன் வெளிச்சத்தைப் போட்டான்.

“இன்னொருக்கா,” என்றான். யாரிடம் என்று தெரியவில்லை. “இன்னொருக்கா போட்டுட்டு வந்துர்றேன். தாழ்ப்பாள் போட்டுக்க.”

கதவைத் திறந்தான். மழைக்காற்று மெழுகுவர்த்தியை அணைத்தது.

அவன் போய்விட்டான்.

இருட்டில் அவள் கதவிடம் வந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள். போட்டுவிடலாம். இரண்டு பேரும் வெளியே. ஆனால் மாமா உயிரோடு தப்பி வந்தால்? அவர் கையெட்டும் தூரத்தில் இருப்பது இந்தக் கதவு ஒன்றுதான். பொய் சொல்லி ஒருமுறை அவரைக் கைவிட்டாகிவிட்டது. இன்னொரு முறை வேண்டாம்.

அவள் தாழ்ப்பாள் போடவில்லை.

சந்திலிருந்து சம்மட்டி விழும் சத்தம். எலும்பில்.

மறுபடி.

“வுடு,” என்றான் பிரகாஷ்.

சம்மட்டி சேற்றில் விழுந்தது.

“அண்ணா, வுடு. அண்ணா...”

அப்புறம் ஒரு குரல். வார்த்தை இல்லை. அது குழாய் அடைத்தால் வரும் இருமலைப் போலிருந்தது. நீளமாக இருந்தது. தண்ணீருக்குள் போய் முடிந்தது.

மழை மட்டும்.

ஆக்சிலியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கேட்டாள். தண்ணீர் சேற்றில் விழவில்லை. மெத்தென்று விழுந்தது. கனமாக. தரையோடு தரையாக.

முடித்துவிட்டான், என்று நினைத்தாள். இன்னொருக்கா போட்டுவிட்டான். அழுகை வந்தது.

கதவு திறந்தது.

ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று. நாற்காலியின் கால்கள் தரையில் இழுபட்டன. யாரோ உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் முனகியது. அதோடு ஒரு இரும்பு முனை தரையைத் தட்டியது.

பிரகாஷ் கடப்பாரையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அப்படித்தான் இருக்க வேண்டும்.

“ஏங்க?”

தண்ணீர் விழும் சத்தம் மட்டும். வெளியே ஒன்று. வீட்டுக்குள் ஒன்று.

தீப்பெட்டியைத் தடவி எடுத்தாள். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது நனைந்திருந்தது. மூன்றாவது பற்றியது.

பிலவேந்திரன் உட்கார்ந்திருந்தார். சாய முடியாமல், நேராக. கடப்பாரை கழுத்துக்குக் கீழே நுழைந்து, முதுகில் வெளியேறி, அதன் முனை நாற்காலிக்குப் பின்னால் தரையில் ஊன்றியிருந்தது. சம்மட்டி பட்ட பாதித் தலை இல்லை. மீதியில் ஒரு கண் திறந்திருந்தது. வாய் திறந்திருந்தது. அந்த வாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வழியவில்லை. கொட்டியது. குழாய் கனத்துக்கு, நிற்காமல், கலங்கிய செம்மண் நிறத்தில், மடியில் விழுந்து தரையில் பரவியது. வீட்டுத் தரைக்கும் பிரகாஷ் நன்றாகவே வாட்டம் கொடுத்திருந்தான். தண்ணீர் வேறெங்கும் போகாமல் அவளிடம் வந்தது. கணுக்காலைச் சூழ்ந்தது. சூடாக இருந்தது.

“ஆக்சிலியா!” சந்துக்கு அப்பாலிருந்து ரோசம்மாள். “என்னாடி சத்தம் அங்க? மாமா வந்துட்டாரா?”

தீ விரலைச் சுட்டது. அவள் விடவில்லை.

“வந்துட்டாருக்கா,” என்றாள்.

மனைவியின் குரல் வந்த திசைக்கு அந்தத் தலை திரும்பியது. கடப்பாரை தரையைக் கீறியது. திறந்த வாய், தண்ணீர் நிற்காமலேயே, சிரித்தது.