பொம்மை ஊரில் பெய்த மழை

“ஆளுக்கு மூணு நிமிஷம். அதுக்கு மேல ஒரு விநாடிகூட கிடையாது.”

கருத்துக் கேட்க வந்திருந்த அதிகாரி சாருலதா, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

சமுதாயக் கூடத்தில் எள் விழ இடமில்லை. புங்கமரத் தெரு மொத்தமும் அங்கேதான் இருந்தது. மூன்றாவது வரிசையில், அம்மா சுலோச்சனாவுக்குப் பக்கத்தில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் அன்புக்கரசி. ஆறாம் வகுப்பு.

விஷயம் இதுதான். அடையாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது புங்கமரத் தெரு. அதன் ஒரு பக்கம் முழுக்க நீளமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் பழைய கோல்ஃப் மைதானம். பசும்புல், நாலு குட்டை, நிறைய மரம். அதை வாங்கிய கம்பெனி அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் ஆறு எழுப்பப்போகிறது. அதிகாரி சரி என்று எழுதிவிட்டால் போதும், மண் லாரிகள் உள்ளே நுழைந்துவிடும்.

அன்புவுக்கு ஒரே ஒரு பயம். போன புயலில் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். அவள் வீட்டு வாசலில் இரண்டு படி ஏறியது. மூன்றாவது படி ஏறுவதற்குள் வடிந்துவிட்டது. ஏறியிருந்தால் அம்மாவின் தையல் மிஷின் போயிருக்கும். அந்த மிஷின் ஓடினால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும்.

தண்ணீர் ஏன் வடிந்தது? மதிலின் அடியில் ஒரு பெரிய ஓட்டை. தெருவைவிட மைதானம் பள்ளம். அன்புவுக்கு அது தெரியும். அதிகாரிக்குத் தெரியுமா?

முதலில் மைக்கைப் பிடித்தவர் மாடி வீட்டு சுப்பராமன் மாமா. கையில் பதினாலு பக்கம். தெருவே அவரைத்தான் நம்பியிருந்தது.

“பெருமதிப்பிற்குரிய அதிகாரி அம்மையார் அவர்களே, கம்பெனி மேலாளர் ரகுபதி அவர்களே, எங்கள் சங்கத் தலைவர் அவர்களே, துணைத் தலைவர் அவர்களே, முன்னாள் தலைவர் அவர்களே, மைக் செட் போட்டுக் கொடுத்த லாரன்ஸ் அவர்களே…”

ஒரு பெயர் விட்டுப்போனாலும் யாராவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களே. மாமா ஒருவரையும் விடவில்லை.

“மூணு நிமிஷம் ஆச்சு சார்” என்றார் சாருலதா.

“நான் இன்னும் விஷயத்துக்கே வரலையேம்மா.”

“அடுத்தவர் வரலாம்.”

“மாமா வணக்கம் வெச்சே மேட்ச்சை முடிச்சிட்டாரு” என்று பின்வரிசையிலிருந்து அன்புவின் காதில் கிசுகிசுத்தான் அவள் நண்பன் ஆசிஃப்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு எழுந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள். அதிகாரியின் தாள் வெள்ளையாகவே இருந்தது.

மேலாளர் ரகுபதி எழுந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். ஒரு பெரிய மேசைமேல் இருந்த நீலத் துணியை விலக்கினார்.

கூடமே வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு பொம்மை ஊர். விரல்நக அளவுக் கார்கள், குட்டிக் குட்டி மரங்கள், கோபுரம் மாதிரி ஆறு அடுக்குமாடிகள்.

“முழுக்க ஃபைபர். மழையில வெச்சாலும் ஒண்ணும் ஆகாது” என்றார் ரகுபதி. “தரையை நாலு அடி உசத்துறோம். மாடல்லயும் அதே மேடு, அளவு பிசகாம செஞ்சிருக்கோம். எங்ககிட்ட வீடு வாங்குறவங்க வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்காது.”

சொல்லிவிட்டு மேசையை ஒட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்பு எழுந்தாள். அம்மா பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னாடி பண்ணப்போற?”

“ஒரு கேள்விம்மா. அவ்ளோதான்.”

மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “எங்க தெரு எங்க சார் கீது?”

ரகுபதி தன் முழங்காலுக்கு நேரே, மேசை ஓரத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. தீப்பெட்டி மாதிரி சில வீடுகள்.

“மதில் கீது. அடியில ஓட்டையைக் காணோமே?”

சிலர் சிரித்தார்கள். ரகுபதியும் சிரித்தார். “அதெல்லாம் அடைச்சிடுவோம் பாப்பா. புது மதில் வருது.”

அன்பு சிரிக்கவில்லை. அதிகாரியிடம் திரும்பினாள். “மேடம், எனக்கும் மூணு நிமிஷம் உண்டா?”

“பெரியவங்க மட்டும்தான் பேசணும்னு எங்கயும் எழுதலையே. பேசு.”

“பேச வேணாம் மேடம். ஒரு சொம்புத் தண்ணி போதும்.”

ஆசிஃப் அதற்குள் மூலையில் இருந்த கேனிலிருந்து பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

“மழையில வெச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சார்தான் சொன்னாரு” என்றாள் அன்பு. சொம்பைக் கோபுரங்களுக்கு நடுவில் மெதுவாகச் சாய்த்தாள்.

பொம்மை ஊரில் மழை பெய்தது. பொம்மைக் கார்கள் நனைந்தன. தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு மேட்டிலிருந்து நாலாபக்கமும் வழியாமல், பள்ளமான ஒரே பக்கமாக, குட்டி மதிலைத் தாண்டி, சாம்பல் நிறத் தெருவை நோக்கி விறுவிறுவென்று ஓடியது. தீப்பெட்டி வீடுகள் கூரைவரை மூழ்கின. அதற்கும் மேலே போக வழியில்லாமல், மேசை விளிம்பைத் தாண்டி மேலாளரின் மடியில் இறங்கியது.

ரகுபதி துள்ளி எழுந்தார்.

“சாரி சார்” என்றாள் அன்பு. நிஜமாகவே வருத்தம்தான். அம்மாவின் கைக்குட்டையை வாங்கி அவரிடம் நீட்டினாள். “எங்க வீட்டுக்குள்ளயும் இப்படித்தான் சார் வரும்.”

பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

“இப்போ மழை பெஞ்சா உங்க தெருத் தண்ணி எங்கம்மா போகுது?” என்று கேட்டார் சாருலதா.

“மைதானத்துல நாலு குட்டை கீது மேடம். மூணு தெருத் தண்ணியும் அந்த ஓட்டை வழியா அங்கதான் போவுது. போன புயல்ல மாடியில நின்னு பாத்துக்கினே இருந்தோம். செருப்பு, பிளாஸ்டிக் வாளி, சுப்பராமன் மாமாவோட விளக்குமாறு, எல்லாம் அதுலதான் போச்சு.”

“அடடே, அது அங்கேயா போச்சு” என்றார் மாமா.

சாருலதா மேலாளர் பக்கம் திரும்பினார். “தரையை உசத்தினா தெருத் தண்ணி எங்க போகும்? உங்க வரைபடத்துல காட்டுங்க.”

ரகுபதி ஒரு கையால் பேன்ட்டைத் துடைத்துக்கொண்டே மறுகையால் தாள்களைப் புரட்டினார். “அது ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்னு…”

“ரெண்டாம் கட்டம் வரைக்கும் மழை காத்திருக்குமா சார்? நாலு குட்டையும் இருந்த இடத்துல இருக்கணும். ஒரு கூடை மண் விழக்கூடாது.”

“குட்டையை விட்டா வீடு எங்க மேடம் கட்டுறது?”

“குட்டையை மூடிட்டா நாங்க எங்க போறதுன்னு இவங்க எல்லாரும் கேக்கறாங்களே.”

அவர் பேனா முதன்முறையாகத் தாளில் ஓடியது. திட்டம் திருப்பி அனுப்பப்படுகிறது என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, உரக்கப் படித்தும் காட்டினார்.

கைதட்டல் ஓய்ந்து எல்லாரும் வெளியே வந்தபோது, தெருவை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. நிறைய செம்மண். கம்பெனிக்கு அவ்வளவு நம்பிக்கை.

டிரைவர் தலையை நீட்டினார். “இன்னா பாப்பா, மைதானத்து கேட்டு எந்தப் பக்கம்?”

“கேட்டு மூடிட்டாங்கண்ணா. ரிவர்ஸ்தான்.”

“இந்தச் சந்துலயா? எவன் வழி சொல்றது?”

அன்பு லாரிக்குப் பின்னால் போய், டிரைவர் கண்ணாடியில் தெரியும்படி நின்றுகொண்டு, இரண்டு கைகளையும் உயர்த்தினாள்.

“நான் சொல்றேண்ணா. வரலாம்… வரலாம்… லெஃப்ட்ல ஒடிச்சு… அப்படியே வந்துக்கினே இரு.”