கட்டுக்கு அடியில்

மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தபோது, காலில் சுற்றியிருந்த கட்டின் முடிச்சு இடம் மாறியிருந்தது. அவன் போட்டது வெளிப்பக்கம். இப்போது அது உள்பக்கம் இருந்தது, யாரோ நிதானமாக உட்கார்ந்து இழுத்துக் கட்டியதுபோல. அக்கா கடையிலிருந்து இன்னும் வரவில்லை. வாசல் கதவு அவன் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

லிப்ட் மெக்கானிக்கான அவனுக்கு முடிச்சுகள் தண்ணீர் பட்ட பாடு. எது தன் கை போட்டது, எது பிறர் போட்டது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவான். தடவிப் பார்த்தான். இதுவும் அவன் கை போட்டதுதான். ஆனால் போட்ட நினைவு அவனுக்கு இல்லை.

புண் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அலமாரி முனை இடித்துக் காலில் ஒரு கீறல், அவ்வளவுதான். இந்நேரம் காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் அது ஆழமாகிக்கொண்டே போனது. சிவக்கவில்லை, வீங்கவில்லை, காய்ச்சல் இல்லை. கட்டைப் பிரித்தால் ஈரத்துணியும் துரு ஏறிய இரும்பும் கலந்த ஒரு வாடை மட்டும் வரும்.

லிப்ட் குழியில் விழுந்து இடுப்பு உடைந்தபோது வலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை, வலி போன பிறகும் அவனை விடவில்லை. படாத பாடு பட்டு இப்போதுதான் நிறுத்தியிருந்தான். புண்ணைப் பார்த்த டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். அந்த மாத்திரை வலியை மட்டும் தூங்க வைப்பதில்லையாம், கிருமி நுழைந்தால் சண்டைக்குப் போகும் உடம்பின் காவல்காரர்களையும் சேர்த்துத் தூங்க வைக்குமாம். அவர்கள் சோம்பல் முறித்து எழ நாளாகும். மூளை அதைவிட மெதுவாகத் திரும்பும், அதுவரை பழைய ருசிக்கு ஏதாவது சாக்குத் தேடிக்கொண்டே இருக்கும். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனை நேராகப் பார்த்தார்.

"இருந்தாலும் இது யாரோ நோண்டின புண்ணு மாதிரி இருக்கே."

கூட வந்திருந்த அக்காவுக்குச் சுருக்கென்றது. "என் தம்பி அப்படிப்பட்டவன் இல்ல டாக்டர். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துக்கறேன்" என்றாள்.

உலகத்தில் அவனை இன்னும் நம்புகிற ஒரே ஆள் அவள்தான். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அக்காவின் கணவரான மாமா அவன் காதுபடவே சொல்வார். இன்னொரு மாத்திரை உள்ளே போனால் வீட்டில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்குக் கொடுத்த அதே மாத்திரையில் மிச்சம் அவள் பீரோவில் இருந்தது. ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பூட்டி வைத்திருந்தாள். அது அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் லிப்ட் வேலைக்குப் போடும் பெல்ட்டால் வலது மணிக்கட்டைக் கட்டில் காலோடு பிணைத்துக்கொண்டு படுத்தான். மழை பெய்துகொண்டிருந்தது. ஜன்னல் தகரத்தில் சொட்டும் தண்ணீரையும், அடுக்களையில் அக்கா பாத்திரம் கவிழ்க்கும் சத்தத்தையும், மேல் வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பதையும், தன் காதுக்குள்ளேயே துடிக்கும் ரத்தத்தையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தவன், எப்போது தூங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை.

விழித்தபோது அறை இருட்டியிருந்தது. பெல்ட் நாற்காலியின் மேல் அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. விரலை முகர்ந்தான். துரு வாடை.

வேலியே பயிரை மேய்கிறது. புரிந்ததும் அழுகை வந்தது. இன்றே அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். கை தன் பேச்சைக் கேட்கவில்லை என்று. பீரோவில் இருப்பதைச் சாக்கடையில் கொட்டு என்று. தான் எப்படிக் கெஞ்சினாலும் கொடுக்காதே என்று. அவள் நம்புவாள்.

"அக்கா" என்று கூப்பிட்டான்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்போது வலது கை நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை. போர்வைக்குள் போனது. முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தது. வேண்டாம் என்றான், மனதுக்குள். நகம் உள்ளே இறங்கியது. பிறகு விரல். வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. இனித்தது.

"என்னடா தம்பி?" அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றாள்.

சொல்லிவிடலாம். இப்போதே. வாயைத் திறந்தான்.

"வலி உயிர் போகுதுக்கா" என்றது வாய். "செத்துடுவேன் போலருக்கு. ஏதாவது குடேன்."

அவன் குரல்தான். விசும்பல்கூட அவனுடையதுதான். கேட்டால் கல்லும் கரையும். அக்கா உள்ளே ஓடி வந்தாள். கால் பக்கம் போர்வையில் ஈரம் பரவுவதைப் பார்த்தாள். மாமா வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

பீரோ திறந்தது. மாத்திரை அட்டை நெரிந்தது. அந்தச் சின்னச் சத்தத்துக்கு அவன் வாயெல்லாம் எச்சில் ஊறியது.

"ஒண்ணே ஒண்ணு. யாருகிட்டயும் சொல்லாத" என்று அழுதுகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து அவன் தலையைக் கோதினாள். வேண்டாம் அக்கா. வேண்டாம். உள்ளே அவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். வெளியே நாக்கு நீண்டு காத்திருந்தது. போர்வைக்கு அடியில் இரண்டாவது விரலும் உள்ளே போனது, எலும்பைத் தொட்டு, அதை மெதுவாகத் தடவிக் கொடுத்தது.